தெருமுனை வரை நான்

ஜூன் 3, செவ்வாய்

சின்னவள் கார் வாங்கிவிட்டாள்.

மாலை நடைக்கு நாங்கள் எல்லாரும் கீழே இறங்கும் நேரம் பார்த்துத்தான் குடியிருப்பின் வாயிலுக்குள் நுழைந்தாள். தற்செயலாம். பாலாடை நிறத்தில், கியர் இல்லாத சின்ன வண்டி. நான்கு சக்கரம் வைத்த சோப்புப் பெட்டி. ஓட்டியது அவள். பக்கத்தில் என் கொழுந்தனார், கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவர்போல எல்லாருக்கும் கையசைத்தார்.

"பாருங்க, எல்லாரும் பாருங்க! என் பொண்டாட்டி ஓட்டறா. நான் மகாராஜா மாதிரி உக்காந்து வரேன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். பல் டாக்டர் விசில் அடித்தார். கட்டிய பல்லை வைத்துக்கொண்டு அது லேசான காரியமில்லை. "அறுபத்து மூணு வயசுல கத்துக்கிட்டு ஓட்டறதுன்னா சும்மாவா? என்ன தைரியம்!" என்றார். நானும் தட்டினேன். மூன்று தட்டு. போதும்.

வண்டியை நிறுத்தும்போது பின்சக்கரம் பூச்செடிப் பாத்திக்குள் ஏறிவிட்டது. அதற்கும் கைதட்டினார்கள்.

ஜூன் 4

வயிறு எரிகிறது. டாக்டரிடம் காட்டுகிற எரிச்சல் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

சின்னவள் என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. நான் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. புதுப் பெண்ணாக வந்தபோது அவளுக்குத் தபால் தலை நேராக ஒட்டத் தெரியாது. நான் அப்போது தொலைபேசி நிலையத்தில் இருபது பெண்களுக்கு மேற்பார்வையாளர். இதை எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இந்த வாரம் பூராவும் பெஞ்சில் அவள் பேச்சுத்தான். காய்கறிக் கடைக்கு ஓட்டிப் போனாளாம். பாலத்தின் மேல் ஓட்டினாளாம். பாலத்தின் மேல்! பாலம் என்ன, கயிறா?

நான் முப்பத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன். மலைச் சாலையில், மூடுபனியில், எதிரே சரக்கு லாரி வந்தால் சக்கரத்தின் பாதி விளிம்பில் நிற்க, பின்னால் எடுத்திருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. இது யாருக்கும் தெரியாது.

என் கணவருக்குப் பக்கப் பார்வை இல்லை. நேரே பார்த்தால் ஊசியில் நூல் கோப்பார். பக்கத்தில் யானை வந்து நின்றாலும் தெரியாது. கல்யாணமான மறு வருடமே டாக்டர் சொல்லிவிட்டார், ஓட்டக் கூடாது என்று. அவரோ லாரிக் கம்பெனியில் மேலாளர். வாய்க்கு வாய் சவால் விடும் ஓட்டுநர்கள் நாற்பது பேர் அவருக்குக் கீழே. "பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்து வர மேனேஜர் பேச்சை எவன் கேப்பான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதனால் தெருமுனை வரை நான். தபால் பெட்டி அருகே நிறுத்துவேன். நான் இறங்கி வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போவேன். அவர் பின்பக்கமாக வருவார். எங்கள் தெரு அகலம், போக்குவரத்து இல்லாதது. அந்தக் கடைசித் துண்டை அவர் நத்தைபோல ஓட்டுவார். "வலப்பக்கம் சைக்கிள்" என்று உதடு அசையாமல் நான் சொல்வேன். வாயிலில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். "என்ன நிதானம்! இந்தக் காலத்துல யார் இப்படி ஓட்டறா?" என்பார் பல் டாக்டர். அது நிதானம் இல்லை ஐயா, கண் தெரியவில்லை.

யாராவது கூட வருகிறேன் என்றால் அன்றைக்கு எங்கள் கார் பழுதாகிவிடும். குழந்தைகளும் இல்லை. ஆகவே அந்த வண்டிக்குள் எப்போதும் நாங்கள் இருவர்தான். ரகசியம் காப்பது எனக்குப் புதிதல்ல. ஊரின் பேச்சு முழுவதும் காதில் விழும் வேலையில் இருந்தவள்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. "இனி ஓட்ட ஆளில்லையே, பாவம்" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே பேட்டரி செத்து, டயர் தரையோடு தரையாகி, கடைசியில் இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து வாடகை வண்டியின் பின் இருக்கையில் அடுத்தவன் பிரேக் போடும் அழகைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வருகிறேன்.

என்னைக் குடைவது அவள் ஓட்டுவதல்ல. அவள் ஓட்டுகிறாள், அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார் — அதுதான். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே அண்ணனும் தம்பியும்?

ஜூன் 9

முடிவு செய்துவிட்டேன். நானும் வாங்கப் போகிறேன். உயரமான வண்டி. கியர் வைத்தது. கரும்பச்சை. போன மாதம் வங்கி வாசலில் நின்றதே, அது.

ஜூன் 12, வியாழன்

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

பெஞ்சில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு.

"அந்த ஜீப் மாதிரி இருக்குமே, அதுவா? அது ஆம்பளைங்க வண்டி மேடம்." இது பல் டாக்டர்.

"கியரா? இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க கியர்?"

"லேடீஸ்னா லைட் கலர்தான் எடுப்பா இருக்கும்."

"நீங்க அதுல ஏறி இறங்கறதை நெனச்சாலே எனக்கு முழங்கால் வலிக்குது" என்றாள் முதல் மாடிக்காரி. உண்மையில் தாழ்வான வண்டியில்தான் முழங்கால் வலிக்கும். கிணற்றிலிருந்து ஏறுவதுபோல ஏற வேண்டும். உயரமான வண்டி நாற்காலி மாதிரி. இதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பேச்சு ஏற்கெனவே நிறத்துக்குப் போய்விட்டது.

கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "அது சரி, ஓட்டறது யாரு? டிரைவர் போடப் போறீங்களா?"

சின்னவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் மகன் போன் செய்தான். வெளியூரில் வேலை. பெஞ்சின் தீர்ப்பு அதற்குள் அவனுக்குப் போய்விட்டிருந்தது. "பெரியம்மா, சித்த பொறுங்க. அம்மா வாங்கின மாதிரியே ஒண்ணு வாங்கிக்கோங்க. ஆட்டோமேட்டிக். பெரியப்பா இருந்தா அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

பெரியப்பா இருந்தா!

அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு அவர்தான் தெய்வம். ஏழு வயதில் எங்கள் வீட்டில் அவனை விட்டுவிட்டு அவன் பெற்றோர் வெளியூர் போயிருந்தார்கள். காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கொட்டும் மழை, பாதிச் சாலை தண்ணீரில். பெரியப்பா காரை எடுத்துப் பறந்து போய் அவனைக் காப்பாற்றினார் — இது குடும்பப் புராணம். எந்த விசேஷத்தில் கூடினாலும் அவன் எழுந்து இதைச் சொல்வான். மழையின் சத்தத்தைக்கூடச் செய்து காட்டுவான். எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். அவர் தண்ணீர் குடிப்பார்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.

செத்துப்போன மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? முடிகிறது.

ஜூன் 14, சனி

விற்பனைக் கூடத்துக்குப் போனேன். "ஆம்பளை ஒருத்தர் கூட இருந்தா ஏமாத்த மாட்டாங்க" என்று பெஞ்சு முடிவு செய்து பல் டாக்டரை என்னோடு அனுப்பியது. அவர் டை கட்டிக்கொண்டு வந்தார்.

விற்பனையாளன் படித்த பையன், நல்ல சட்டை. இஞ்சின், இழுவை, மைலேஜ் எல்லாம் டாக்டரிடம் சொன்னான். என் பக்கம் திரும்பி, வெயில் மறைப்பைக் கீழே இறக்கி, "மேடம், இங்க ஒரு கண்ணாடி இருக்கு. முகம் பாத்துக்கலாம்" என்றான்.

"எழுபத்திரண்டு வருஷமா பாத்துட்டேன் தம்பி. புதுசா ஒண்ணும் இல்லை."

மேட்டில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருளுமா, முழுதாக ஒடித்துத் திருப்ப எவ்வளவு அகலம் வேண்டும், கிளட்ச் எவ்வளவு மேலே வந்ததும் பிடிக்கும் என்று கேட்டேன். அவன் டாக்டரைப் பார்த்து, "சார், மேடம் கேக்கறது ரொம்ப நல்ல கேள்வி" என்றான். டாக்டர் பெருமையாகத் தலையாட்டினார். பிறகு என் காதருகே குனிந்து, "கிளட்ச்ங்கறது நடுவுல இருக்குமே, அதுதானே?" என்றார்.

பச்சை வண்டியின் கதவைச் சாத்திப் பார்த்தேன். தகரச் சத்தம் இல்லை. கனமான நல்ல புத்தகத்தை மூடியதுபோல.

புதன்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கத் தருகிறானாம்.

ஜூன் 17

நாளை. காலில் செருப்பு வேண்டாம், அந்தப் பழைய தட்டை ஷூ.

சிரிப்பு வருகிறது. முதல் நாள் பள்ளிக்குப் போகும் குழந்தைக்குக்கூட இவ்வளவு இருக்காது.

ஜூன் 18, புதன்

எப்படி எழுதுவது?

ஓட்டினேன். வாயிலுக்கு வெளியே, ஆள் கண்ணில் படாமல் ஓட்டுநர் இருக்கைக்கு மாறிக்கொண்டேன். பையன் முதலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். சந்தை வட்டத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டான். ஏரிக்கரை மேட்டில் லாரி ஒன்று வழி விடாமல் ஊர்ந்தது. மூன்றாம் கியருக்கு இறக்கி, ஒரே மூச்சில் தாண்டினேன். "மேடம்!" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு சொல்லில் இருந்ததை நாற்பது வருடமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. வண்டி என் கைக்கு அப்படிப் படிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரே எண்ணம்: இன்று பெஞ்சு பார்க்கட்டும். கண் குளிரப் பார்க்கட்டும்.

தபால் பெட்டி வந்தது. என் கால் பிரேக்கை மிதித்தது.

நான் மிதிக்கவில்லை. கால் மிதித்தது. வண்டி நின்றது. நான் இறங்கி முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, அவன் பக்கக் கதவருகே நின்றேன். அவன் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தான். "மேடம், ஏதாவது தப்பா? நான் எடுக்கணுமா?"

"மறந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பி ஏறியிருக்கலாம். வாய் வரவில்லை. அவன் மரியாதையாக இறங்கிவிட்டான். நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன்.

எல்லாரும் வாயிலில் நின்றார்கள். பையன் ஓட்ட, நான் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

"நல்ல காரியம் பண்ணீங்க மேடம். அவரே ஓட்டட்டும். நமக்கு எதுக்கு ரிஸ்க்?" என்றார் பல் டாக்டர்.

பையன் என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன், சொல்லாதே என்று. பாவம், அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

ஜூன் 19

காலையில் சின்னவள் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

"நேத்து தபால் பெட்டிகிட்ட எறங்கிட்டீங்களே அக்கா" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எங்க சமையக்கட்டு ஜன்னல்லேருந்து அந்த முனை தெரியும். இந்த வீட்டுக்கு வந்த புதுசுலேருந்து பாக்கறேன். நீங்க முன்னால சுத்துவீங்க, பெரியத்தான் பின்னால சுத்துவார். மழை நாள்ல அவருக்கு நீங்கதான் குடையைக் குடுத்துட்டுப் போவீங்க."



"ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?"

"நீங்க சொல்லலையே. பெரியவங்க மூடி வச்ச பாத்திரத்தைச் சின்னவ தொறக்கறதா?" பிறகு, "என் புள்ளை உசிரு உங்க கையில வந்துதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. நன்றி சொன்னது மட்டும் அவருக்கு" என்றாள்.

அவள் எதிர்பார்த்தது என்ன? நான் கட்டிப் பிடித்து அழுவேன் என்றா? "டீ ஆறுது, போய்க் குடி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். பிள்ளை இல்லை. ஊர்ப் பெருமை இல்லை. அந்தத் தெருமுனை ஒன்று, என்னுடையதும் அவருடையதும் மட்டுமாக இருந்தது. அதிலும் இவள் ஜன்னலைத் திறந்துவைத்து முப்பது வருடம் பங்கு எடுத்திருக்கிறாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்திருப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று பெஞ்சில் பல் டாக்டர் ஆரம்பித்தார். கார் என்றால் அவர்தானாம், என் கணவர்தானாம். அந்த மனிதருக்குப் பிறகு இந்தக் குடியிருப்பில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர் இல்லையாம். "மேடம் பாவம், அவர் பக்கத்துல உக்காந்தே பழக்கப்பட்டவங்க."

சின்னவள் எழுந்தாள். "போதும் டாக்டர். முப்பத்தாறு வருஷமா அந்த வண்டியை ஓட்டினது அக்கா. பெரியத்தான் இல்லை. தெருமுனையில மாறிப்பாங்க. என் கண்ணால பாத்திருக்கேன்."

 டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "வண்டி வாங்கினதும் சின்னம்மா ஜோக்கெல்லாம் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க!" எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தனார் சிரிக்கவில்லை, மனைவியை முறைத்தார். "எங்கண்ணனைப் பத்தி என்னடி பேச்சு இது?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க அண்ணி."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கேட்ட வரம் கைக்கு வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் கொடுத்தது அவள். கைதட்டலும் அவளுக்கு, எனக்கு வர வேண்டியதை எனக்குப் பிச்சை போடும் புண்ணியமும் அவளுக்கா? அவரும் கண்முன் வந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அவளுக்கு ஏதோ கண் மயக்கம்" என்றேன். சிரித்தும் வைத்தேன்.

சின்னவள் முகம் சுண்டிவிட்டது. மாடிக்குப் போனாள்.

ஜூன் 23

மாலை நடைக்கு அவள் வரவில்லை.

ஜூன் 24

வரவில்லை. அந்தப் பாலாடை நிற வண்டியும் நின்ற இடத்தில் நிற்கிறது. பெஞ்சில் "கண் மயக்கம்" என்பது இப்போது ஒரு வேடிக்கைச் சொல்லாகிவிட்டது. காபியில் சர்க்கரை அதிகமானால்கூடக் கண் மயக்கம்.

நான் படித்த கான்வென்டில் மதர் சொல்வார், பொய் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடப்பவளைவிட, பொய் சொல்லிக் குனிந்து நடப்பவள் மேல் என்று. நான் இந்த இரண்டு நாளாக நிமிர்ந்துதான் நடக்கிறேன். கழுத்து வலிக்கிறது.

ஜூன் 26, வியாழன்

அவள் மகன் போன் செய்தான். குரலிலேயே கொதிப்பு.

"பெரியம்மா, அம்மா என்னென்னவோ உளர்றாங்களாமே? அப்பா சொன்னார். நாலு நாள் ஸ்டியரிங் பிடிச்சதும் தலைக்கனம். செத்துப்போன மனுஷனைப் போய்... உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இப்பவே கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கப் போறேன்."

கேட்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். உண்மை. ஒரு முழு நொடி. பெற்ற பிள்ளை வாயால் அவள் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் வேண்டாம்?"

"அவ சொன்னது நிஜம்."

"எது நிஜம்?"

"வண்டி ஓட்டினது நான். எப்பவும் நான்தான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.  அவன் கேட்கப் போவது என்னவென்று எனக்குத் தெரியும். கேட்டான்.

"அந்த மழையில? ஆஸ்பத்திரிக்கு?"

"நான்தான்."

"நான் கண்ணு முழிச்சப்ப பெரியப்பா ஸ்டியரிங்ல இருந்தாரே. நல்லா ஞாபகம் இருக்கே பெரியம்மா."

"ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான் கம்பெனி லாரியெல்லாம் நிக்கும். வாசலுக்கு முன்னாடி மாறிக்கிட்டோம்."

"எனக்கு வலிப்பு வந்துக்கிட்டு இருக்கறப்பவா? நிறுத்தி மாறினீங்க?"

"நின்னுபோச்சு அதுக்குள்ள. தூங்கிட்டே."

அவன் போனை வைத்துவிட்டான்.

ஜூன் 27

முப்பத்தாறு வருடம் பொத்தி வைத்ததை ஒரு மூச்சில் கொட்டிவிட்டேன். ஜெயித்தேனா? ஒரு பையனிடமிருந்து அவன் சாமியைப் பிடுங்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

அவர் படத்தின் பக்கம் போகவில்லை.

ஜூன் 29

போன் இல்லை.

ஜூலை 2, புதன்

மதியம் கூப்பிட்டான். குரல் அடங்கியிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் பெரியம்மா. நீங்க ஓட்டினீங்க. சரி. அவ்வளவு நேரமும் பெரியப்பா என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?"

இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வழியில்லையே.

"பின் சீட்ல இருந்தார். நீ அவர் மடியில. நாக்கைக் கடிச்சுக்கப் போறேன்னு பயந்து உன் வாயில விரலைக் குடுத்துட்டார். அப்படிச் செய்யக் கூடாதுன்னு அப்புறம் டாக்டர் திட்டினார். ஆனா அவருக்கு அது தெரியாதே. நீ கடிச்சே. எலும்பு வரைக்கும். வலிப்பு நிக்கற வரைக்கும் விரலை எடுக்கலை. உன் பேரைச் சொல்லிக்கிட்டே வந்தார். எனக்கு முன்னால ரோடு, பின்னால அவர் குரல்."

"அந்தத் தழும்பு... லாரிக் கதவு நசுக்கினதுன்னு சொல்வாரே."

"வேற என்ன சொல்வார்?"

அவன் அழுதான். நாற்பது வயது ஆள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு முழுக்க எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. ஓட்டுகிறவளுக்கு மடி கிடையாது. வாசலுக்கு முன்னால் மாறிக்கொண்டபோதுதான் பையன் என் மடிக்கு வந்தான். சுடச்சுட, நனைந்த துணி மாதிரி. அந்த நூறு கஜத்துக்கு. வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

ஜூலை 5, சனி

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். கொழுந்தனார் கதவைத் திறந்தார். நடந்ததை மகன் சொல்லியிருக்கிறான். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணன் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் அண்ணி" என்றார். இருபது தடவை காரில் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அண்ணனைக் கேட்டவர். இருபது தடவையும் கார் பழுது.

சின்னவளிடம், "கீழே வா" என்றேன்.

"எதுக்கு? இன்னும் யாராவது சிரிக்கறது பாக்கியா?"

"வான்னா வா."

பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். "அன்னிக்கு இவ சொன்னது அத்தனையும் உண்மை. நான்தான் பொய் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்குப் பக்கப் பார்வை இல்லை. வண்டியை ஓட்டினது நான்." மேற்பார்வையாளர் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது.

யாரும் கைதட்டவில்லை. எதிர்பார்த்தேனா? கொஞ்சம்.

 "அப்ப அந்த நிதானம்..." என்றார் பல் டாக்டர்.

"அதுவும் பொய் இல்லை. நிதானமான மனுஷர்தான்" என்றேன்.

மாடி ஏறும்போது சின்னவள், "மன்னிப்புக் கேக்கவே இல்லையே அக்கா" என்றாள்.

"கேட்டாச்சு. உனக்குத்தான் கண் மயக்கம்."

முறைத்தாள். பிறகு சிரித்துத் தொலைத்தாள்.

ஜூலை 7

கரும்பச்சைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தனியாகப் போனேன். முதல் மாடிக்காரி மட்டும் கேட்டாள், அந்த நிறம் துக்கமாக இருக்காதா என்று. இருந்தால் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6

வந்துவிட்டது. பெஞ்சு எழுந்து வந்து சுற்றிப் பார்த்தது. பல் டாக்டர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. "நல்ல வண்டி" என்றார்கள். தைரியம் என்று யாரும் சொல்லவில்லை. சின்னவளுக்கு மட்டும் தைரியம், எனக்கு வெறும் நல்ல வண்டி. இருக்கட்டும். முப்பத்தாறு வருடம் ஓட்டினவளுக்கு எதற்குத் தைரியம்?

ஆனாலும் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

சின்னவள் மகன் இன்று விடுமுறைக்கு வந்தான். ரயில் நிலையத்துக்கு யார் வண்டியில் போவது என்று காலையிலிருந்து மாடிக்கும் மாடிக்கும் பேச்சு. கடைசியில் சின்னவளே, "என் வண்டில அவன் பெட்டி கொள்ளாது" என்று ஒப்புக்கொண்டாள். என் பக்கத்து இருக்கையையும் பிடித்துக்கொண்டாள்.

அவன் பெட்டியைப் பின்னால் போட்டான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். "எப்படிடா இருக்கு?" என்று அவள் கேட்டாள், ஏதோ அவள் வண்டி மாதிரி. அவன் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

வழியில் சின்னவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். சந்தை வட்டம் தாண்டிப் பின்னாலிருந்து சத்தமே இல்லை என்று கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தான்.

வாயிலில் பல் டாக்டர் வரவேற்பதற்குக் கையை விரித்துக்கொண்டு வந்தார். பின் கதவைத் திறக்கப் போனார்.

"எழுப்பாதீங்க டாக்டர்" என்றேன். "ஒரு சுத்து போயிட்டு வரேன்."

"வீடு வந்தாச்சே அக்கா, சாப்பாடு ஆறிப்போயிடும்" என்றாள் சின்னவள். திரும்பி மகனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஜூன் மாதம் முழுக்க என் முகத்தில் இருந்தது.

"என் வண்டில இவன் கண்ணையே மூடமாட்டான்" என்றாள். "வழி முழுக்கக் காலால பிரேக் போட்டுக்கிட்டே வருவான்."

நான் ரிவர்ஸ் கியர் போட்டேன்.